முகமூடி கழன்ற அங்கதம்: 'தி மேஷ் ரிப்போர்ட்' நிறுத்தப்பட்ட கதை

2021 மார்ச்சில் பிபிசி ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. பிபிசி 2 அலைவரிசையில் 2017 முதல் வந்துகொண்டிருந்த, நடப்புச் செய்திகளைக் கேலி செய்யும் 'தி மேஷ் ரிப்போர்ட்' இனி வராது. புதிய நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு இடம் வேண்டியிருப்பதால் சில கடினமான முடிவுகளை எடுக்க நேர்கிறது என்று காரணமும் சொல்லப்பட்டது. தொலைக்காட்சியில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நின்றுகொண்டேதான் இருக்கும். இதை மட்டும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அரசியல் செய்தியாக எழுதின. வலதுசாரிகள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். இடதுசாரிகள் தணிக்கை என்று கொதித்தார்கள். நிகழ்ச்சி நின்றதற்குக் காரணம் அதன் அரசியல்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிபிசி அப்படிச் சொல்லவில்லை.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி அங்கதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அதனால்தான் தேய்ந்தது என்ற குற்றச்சாட்டு நீண்ட காலமாக இருக்கிறது. அதை எடுத்துப் பரிசோதிக்க இந்த நிகழ்ச்சியைப் போல வசதியான உதாரணம் வேறில்லை. தொடக்கம், புகார், முடிவு, முடிவுக்குப் பின்னால் நடந்தது என எல்லாமே சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

நிகழ்ச்சியும் அதன் ஆட்களும்

'தி டெய்லி மேஷ்' பொய்ச் செய்திகளைச் செய்தி நடையிலேயே எழுதிச் சிரிக்கவைக்கும் இணையதளம். அதன் தொலைக்காட்சி வடிவமாகத் தொடங்கியதுதான் 'தி மேஷ் ரிப்போர்ட்'. தயாரித்தது செப்போட்ரான் நிறுவனம். தொகுப்பாளர் நிஷ் குமார், லண்டனில் பிறந்தவர், பெற்றோருக்குக் கேரளப் பூர்வீகம். செய்தி வாசிப்பவர்களாக எல்லி டெய்லரும் ஸ்டீவ் என். ஆலனும் வந்தார்கள். ரேச்சல் பாரிஸ் இனிக்க இனிக்கச் சிரித்துக்கொண்டே கத்தி வைக்கும் ரகம். 2018 ஜனவரியில், பணியிடத்தில் பெண்களிடம் அத்துமீறாமல் இருப்பது எப்படி என்று குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் அவர் எடுத்த பாடம் இணையத்தில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. பிபிசி 2இல் நேரடியாகப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு பேர் அதைத் தொலைபேசியில்தான் பார்த்தார்கள்.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ஜெஃப் நார்காட், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிப்பவர், பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதை, ஆதரித்தவர், அதை மேடையிலேயே சொல்லிச் சிரிக்கவைப்பவர். பிரிட்டிஷ் நகைச்சுவை உலகில் அரிய பிறவி. 'இடதுசாரிப் பிரச்சாரம்' என்று பெயர் வாங்கிய நிகழ்ச்சியில் இவருக்கென்று ஓர் இடம் இருந்தது. ஆனால் அவர் வந்து போகும் விருந்தாளி. மேசை நிஷ் குமாருடையது.

அந்த மேசை முக்கியம். செய்தி வாசிப்பாளரைப் போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு சில நிமிடங்கள் வாதாடுகிற வடிவம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே அது செழித்ததற்குச் சட்டமும் பணமும் காரணம். ஒளிபரப்பில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க விதி 1987இலேயே கைவிடப்பட்டது. கேபிள் சேனல்கள் சந்தாதாரர்களின் பணத்தில் ஓடுகின்றன. சந்தா கட்டுகிறவருக்குப் பிடித்தால் போதும். நடப்புச் செய்திகளைக் கேலி பேசும் பிபிசியின் 'மாக் தி வீக்' குழு நிகழ்ச்சியில் ஆரம்ப காலத்தில் அடிக்கடி வந்த ஜான் ஆலிவர், 2006இல் நியூயார்க் போய் அந்த வடிவத்தில்தான் பெரிய ஆளானார்.

பிபிசியின் நிலை வேறு. அது தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் வாங்கும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது. 2021 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 159 பவுண்டு. பிரெக்ஸிட்டை ஆதரித்த வீடும் கட்டியது, எதிர்த்த வீடும் கட்டியது. நடுநிலை என்பது அதன் சாசனத்திலேயே உள்ள கடமை. 2017 ஏப்ரல் முதல் அதைக் கண்காணிப்பது ஆஃப்காம் என்ற வெளி அமைப்பு. நகைச்சுவைக்குச் செய்தியைவிடக் கூடுதல் சலுகை உண்டு என்றாலும், கடமை முழுவதுமாக விலகிவிடுவதில்லை. 2019 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, ஒரு புதிய கட்சியின் தலைவர் ஹைடி ஆலன் பங்கேற்றார் என்பதற்காக 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்ற செய்தி வினாடிவினா நகைச்சுவையின் ஒரு வாரத்தையே பிபிசி ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அமெரிக்க மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். தகராறு அங்கே தொடங்குகிறது.

புகார்

2018 நவம்பரில், பிபிசியின் சொந்த அரசியல் நேர்காணலாளரும் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தலைவருமான ஆண்ட்ரூ நீல் இந்த நிகழ்ச்சியை ட்விட்டரில் வெளுத்து வாங்கினார். தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற, யாரும் எதிர்க்கேள்வி கேட்காத இடதுசாரிப் பிரச்சாரம் என்பது அவர் தீர்ப்பு. ஒரே நிறுவனத்தின் ஓர் அறையில் இருந்தவர் அடுத்த அறையைப் பார்த்து வைத்த கூச்சல் அது என்பதால் எடை கூடியது.

அந்த ஆண்டுகளின் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 52 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48. படித்தவர்களும் இளையவர்களும் லண்டன்வாசிகளும் பெருமளவில் 48இன் பக்கம். நகைச்சுவைக் கலைஞர்கள் பெரும்பாலும் இந்த மூன்றிலும் அடங்குவார்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றங்கள், ஆகஸ்ட் மாத எடின்பரோ விழா, லண்டன் மதுக்கூட மேடை என்பதுதான் அறுபது ஆண்டுகளாக அந்தத் தொழிலுக்குள் போகும் பாதை. அந்தப் பாதையில் வருகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. சதி எதுவும் நடக்கவில்லை. ஆளெடுப்பு அப்படி.

2019 டிசம்பரில் ஒரு கிரிக்கெட் அறக்கட்டளையின் மதிய விருந்தில் பேசப்போன நிஷ் குமார், பிரெக்ஸிட் பற்றிய நகைச்சுவையை எடுத்ததும் கூச்சல் எழுந்தது. யாரோ ஒருவர் ரொட்டித் துண்டை எறிந்தார். அவர் தொடர்ந்து பேசப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் காணொளி பரவியது. ஒரு தரப்புக்கு இது இனவெறுப்பு கலந்த அநாகரிகம். மறு தரப்புக்கு, பார்வையாளர் யார் என்றே தெரியாமல் பேசுகிற லண்டன் கலைஞனுக்குக் கிடைத்த பாடம். எனக்கு இது வேறொன்றையும் சொல்கிறது. தொலைக்காட்சியில் அவர் பேசும்போது அந்த விருந்தில் இருந்த ரகம் மனிதர்கள் அலைவரிசையை மாற்றியிருப்பார்கள். அன்று மாற்ற வழியில்லை.

புதிய தலைமை

2020 செப்டம்பர் 1 அன்று டிம் டேவி பிபிசியின் தலைமை இயக்குநரானார். சந்தைப்படுத்தல் துறையில் இருந்து வந்தவர். தொண்ணூறுகளில் மேற்கு லண்டனின் ஹேமர்ஸ்மித்தில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளராக உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றவர். அவர் பொறுப்பேற்கும் நாளிலேயே 'டெலிகிராஃப்' நாளிதழ், பிபிசி நகைச்சுவையின் இடதுசாரிச் சாய்வை அவர் சரிசெய்யப்போவதாகச் செய்தி வெளியிட்டது. இரண்டு நாள் கழித்து கார்டிஃபில் ஊழியர்களிடம் அவர் ஆற்றிய முதல் உரையின் மையம் நடுநிலைதான். கருத்துப் பத்தி எழுதுகிறவராகவோ சமூக ஊடகத்தில் கட்சி கட்டுகிறவராகவோ இருக்க விரும்பினால் அது நியாயமான தேர்வுதான், ஆனால் பிபிசியில் வேலை செய்ய வேண்டாம் என்றார். நகைச்சுவை பற்றி அந்த உரையில் கட்டளை எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் பிபிசி வாரியத் தலைவரான ரிச்சர்ட் ஷார்ப், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை கொடுத்தவர். அடுத்த மாதம் 'மேஷ் ரிப்போர்ட்' நின்றது.

வரிசையாக வைத்தால் கதை தானாகவே முடிந்துவிடுகிறது. அதனாலேயே நிதானம் வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டதற்குப் பொதுவெளியில் சான்று எதுவும் இல்லை. நான்கு ஆண்டு ஓடிய ஒரு பிபிசி 2 நகைச்சுவை முடிவது அதிசயமும் இல்லை. மறுபுறம், தலைவர் எதை விரும்புகிறார் என்று நாளிதழ் முதல் பக்கத்திலேயே வந்துவிட்ட நிறுவனத்தில் உத்தரவு எதற்கு? அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும். குறிப்பறிந்து நடக்கத் தெரியாத அதிகாரி நடுத்தரப் பதவிக்கே வந்திருக்க மாட்டார். நிகழ்ச்சியைத் தொடர்ந்தால் ஒவ்வொரு வாரமும் விளக்கம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் ஒருமுறை அறிக்கை விட்டால் போதும்.

அதே காலத்தில் அதே அலைவரிசையில் இன்னொரு நிகழ்ச்சியும் இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த, முன்பு கணித ஆசிரியராக இருந்த ரொமேஷ் ரங்கநாதன் 2019இல் தொடங்கிய 'தி ரங்கநேஷன்'. பொதுமக்கள் கூட்டம் ஒன்றை அரங்கில் உட்காரவைத்து, நடப்புச் செய்திகளைப் பற்றி அவர்களைப் பேசவைத்து, தான் நடுவில் நின்று சிரிப்பு மூட்டுவது அவர் முறை. அவருடைய சொந்த அரசியல் நிஷ் குமாருடையதில் இருந்து பெரிதாக விலகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அங்கே கருத்துச் சொன்னவர்கள் பார்வையாளர்கள், அவர்களிலும் எல்லா ரகமும் உண்டு. அந்த நிகழ்ச்சி மீது கட்சிச் சாய்வுப் புகார் இந்த அளவுக்குக் கிளம்பவில்லை.

1963இல் ஒரு முன்னோட்டம்

பிபிசி இப்படிச் செய்தது முதல்முறை இல்லை. 1962 நவம்பர் 24, சனிக்கிழமை இரவு, 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்' தொடங்கியது. தயாரிப்பாளர் நெட் ஷெரின், தொகுப்பாளர் இருபத்து மூன்று வயது டேவிட் ஃப்ராஸ்ட். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அமைச்சர்களைப் பெயர் சொல்லிக் கிழித்தது அப்போதுதான். போர்த்துறை அமைச்சர் ப்ரொஃப்யூமோவின் கள்ளத்தொடர்பு ஊழல் வெடித்த ஆண்டில் அதற்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை. உச்சத்தில் ஒரு கோடிக்கும் மேல் பார்த்தார்கள்.

ஒளிபரப்புக்குப் பொறுப்பான அமைச்சர் ரெஜினால்ட் பெவின்ஸ் நடவடிக்கை எடுக்கத் துடித்தார். பிரதமர் ஹரால்ட் மெக்மிலன் தடுத்தார். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் நல்லதுதான், கண்டுகொள்ளாமல் விடுவதைவிட அது மேல் என்பது அந்தக் கிழவரின் கணக்கு. அரசியல்வாதியிடம் இவ்வளவு தெளிவு அபூர்வம். அவர் விட்டார், பிபிசி விடவில்லை. 1964 தேர்தல் ஆண்டு என்று காரணம் சொல்லி 1963 டிசம்பர் 28 நிகழ்ச்சியோடு முடித்துவிட்டது. அதைத் தொடங்கவிட்டு, ஓராண்டு காத்து நின்ற தலைமை இயக்குநர் ஹ்யூ கார்ல்டன் கிரீன்தான் முடித்தவரும்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் இருந்தாலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் கலைஞர் தன் சொந்த முகத்தோடு, சொந்தக் குரலில், சொந்தக் கருத்தைச் சொன்னார். முகமூடி இல்லை. அப்போதே கேள்வி வந்துவிடுகிறது: இது யாருடைய கருத்து, இதற்கு ஏன் நான் கட்டணம் கட்ட வேண்டும்?

முகமூடியின் வேலை

பிரிட்டிஷ் தொலைக்காட்சி அங்கதத்தின் நல்ல காலம் முகமூடி போட்டிருந்த காலம்தான். 1984 பிப்ரவரியில் ஐடிவி என்ற விளம்பர அலைவரிசையில் தொடங்கிய 'ஸ்பிட்டிங் இமேஜ்' அதை ரப்பரிலேயே செய்தது. பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா என்ற இரு கேலிச்சித்திரக்காரர்கள் ரப்பர் நுரையில் வார்த்த பொம்மைகள். ஞாயிறு இரவு, சில சமயம் அன்றைய செய்தியைக்கூடக் கடைசி நேரத்தில் சேர்த்து வெளியாகும். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர்.

மார்கரெட் தாட்சர் அதில் கோட்டு சூட்டோடு ஆணாக வந்தார். அமைச்சர்களோடு உணவகத்தில் உட்கார்ந்து இறைச்சி கேட்கிறார். பரிமாறுகிற பெண் 'காய்கறிக்கு என்ன?' என்று கேட்கிறார். தாட்சர் அமைச்சர்களைப் பார்த்துவிட்டு, 'அவர்களுக்கும் அதையே கொடு' என்கிறார். அவர் அமைச்சர் நார்மன் டெபிட் தோல் சட்டைப் போக்கிரி. அவருக்குப் பின் பிரதமரான ஜான் மேஜர் உடம்பெல்லாம் சாம்பல் நிறம், பட்டாணியைப் பற்றி மனைவியோடு பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர். இவையெல்லாம் வலதுசாரிகள். அடுத்த காட்சியிலேயே தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக் முடிவே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார், அவர் துணைத்தலைவர் ராய் ஹாட்டர்ஸ்லி எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசுவார். லிபரல் கட்சியின் டேவிட் ஸ்டீலைக் கூட்டணித் தோழர் டேவிட் ஓவனின் சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டிப் பொம்மையாக்கினார்கள். அந்தப் பொம்மை தன் செல்வாக்கைக் கெடுத்தது என்று ஸ்டீலே பின்னால் ஒப்புக்கொண்டார். எழுதியவர்களில் தாட்சருக்கு வாக்களித்திருக்கக்கூடியவர் யாராவது இருந்தால் ஆச்சரியம். ஆனாலும் பலத்த அடி வாங்கியவர்களில் ஒருவர் நடுப்பாதைக்காரர். பொம்மைக்குக் கட்சி கிடையாது. எழுதுகிறவருக்கு உண்டு. சிரிப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே கை போய்விடும்.

வலதுபுறமிருந்து வந்த அங்கதமும் இருந்தது. பேசும்போது இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1980இல் பிபிசியில் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' அரசு இயந்திரம் தன்னைப் பெருக்கிக்கொள்ளத்தான் இயங்குகிறது என்ற கருத்தின் மேல் கட்டப்பட்டது. அது அப்பட்டமான வலதுசாரிப் பொருளியல். அதை எழுதிய இருவரில் ஆண்டனி ஜே அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர், ஜானதன் லின் அப்படி இல்லை. தாட்சருக்கு அந்தத் தொடர் மேல் அவ்வளவு பிரியம், 1984 ஜனவரியில் அதன் நடிகர்களோடு ஒரு குறுங்காட்சியில் தானே நடித்தார். ஆனால் அமைச்சர் ஹேக்கர் எந்தக் கட்சி என்று தொடரில் கடைசிவரை சொல்லப்படவில்லை. இடதுசாரி வீடுகளும் விழுந்து விழுந்து சிரித்தன.

சாய்வு எப்போதும் இடதுபுறம்தானா என்பதற்கு 1997க்குப் பிறகான பதின்மூன்று ஆண்டுகளே பதில். தொழிற்கட்சி ஆட்சி. சேனல் 4இல் ரோரி பிரெம்னர், ஜான் பேர்ட், ஜான் ஃபார்ச்சூன் மூவரும் டோனி பிளேரையும் ஈராக் போரையும் விடாமல் பிய்த்தார்கள். 2005இல் அர்மாண்டோ யானுச்சியின் 'தி திக் ஆஃப் இட்' வந்தது. அதில் மால்கம் டக்கர் என்ற ஊடகக் கங்காணி அமைச்சர்களைக் கெட்ட வார்த்தையாலேயே மேய்ப்பார். பிளேர் அரசின் முழு உள்ளமைப்பும் அந்த ஒரு பாத்திரத்தில் தெரிந்தது. அன்றைக்கு யாரும் பிபிசி நகைச்சுவையின் வலதுசாரிச் சாய்வு என்று பேசவில்லை. அதிகாரத்தில் இருப்பவரை அடித்தார்கள், இருந்தவர் பிளேர். 2010இல் இருந்து பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கன்சர்வேட்டிவ் பிரதமர்கள். அப்போது அடி அவர்கள் மேல் விழுந்ததில் ஒரு பகுதி இந்த எளிய காரணத்தால்.

ஒரு பகுதிதான். மீதிப் பகுதியில் ஆண்ட்ரூ நீல் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். 'மேஷ் ரிப்போர்ட்' அமைச்சர்களை மட்டும் கேலி செய்யவில்லை. பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்த மனநிலையையே பல வாரம் பொருளாக எடுத்துக்கொண்டது. அரங்கில் சிரிப்பைவிடக் கைத்தட்டல் அதிகம் கேட்ட இடங்கள் இருந்தன. கைத்தட்டல் வருவது ஒப்புக்கொள்வதால். சிரிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது, சமயத்தில் நம்மையும் மீறி. ரேச்சல் பாரிஸின் பாடங்கள் மட்டும் பெரும்பாலும் இதில் இருந்து தப்பின. அவர் எப்போதும் ஓர் ஆசிரியையின் வேடத்துக்குள் இருந்தார், நாம் மாணவர்களாக அசடு வழிந்தோம்.

இந்த வழக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990இல் இருந்து ஓடுகிற 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' இடதுசாரிச் சாய்வுப் புகார்களில் எப்போதும் முதலில் வரும் பெயர். அதே நிகழ்ச்சிதான் 1998இல் போரிஸ் ஜான்சன் என்ற பத்திரிகைக்காரரைக் கலைந்த தலையோடு உட்காரவைத்தது, பிறகு தொகுப்பாளராகவும் அழைத்தது. தடுமாறிப் பேசித் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் அந்தக் கோமாளியை நாடு நேசித்தது. அவர் 2008இல் லண்டன் மேயர், 2019இல் பிரதமர். வலதுசாரிகளுக்கு ஒரு தலைமுறையிலேயே செல்லமான தலைவரை இந்த 'இடதுசாரி' நிகழ்ச்சி போல வேறெதுவும் வளர்த்துக் கொடுக்கவில்லை. அதன் அணித்தலைவர்களில் ஒருவரான இயன் ஹிஸ்லப் அவரை நேருக்கு நேர் குடைந்த காட்சிகளும் அங்கேதான் நடந்தன. மக்கள் நினைவில் நின்றது தலைமுடி.

தேய்மானத்தின் மற்ற காரணங்கள்

அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. 1984இல் பிரிட்டனில் மொத்தமே நான்கு அலைவரிசைகள். ஞாயிறு இரவு ரப்பர் பொம்மையைப் பார்க்காவிட்டால் திங்கள் காலை அலுவலகத்தில் பேச விஷயம் இருக்காது. பொம்மைகளுக்குச் செலவு அதிகம், விளம்பர வருமானம் தாங்கியது. பிறகு அலைவரிசைகள் நூறாகின, கூட்டம் சிதறியது. ஒரு மேசை, இரண்டு அணி, ஆறு கலைஞர்கள் என்ற குழு நிகழ்ச்சிகள் பெருகியதற்குக் காரணம் அவை மலிவு என்பதுதான். எழுத்தாளர் அறை, ஒப்பனை, நடிகர் குழு எதுவும் பெரிதாக வேண்டாம். ஆட்கள் தங்கள் சரக்கோடு வந்துவிடுவார்கள். முகமூடி செய்யப் பணம் வேண்டும். பணம் குறைந்தபோது முகமே மிஞ்சியது.

'ஸ்பிட்டிங் இமேஜ்' 2020 அக்டோபரில் திரும்பி வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. இலவச ஐடிவியில் வழக்கமாக ஓடாமல், பிரிட்பாக்ஸ் என்ற சந்தாத் தளத்துக்கு ஆள் சேர்க்கும் சரக்காக வந்தது. ஜான்சனின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் வேற்றுக்கிரகவாசி, தொழிற்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மருக்கும் பொம்மை உண்டு. நன்றாகவே இருந்தது என்பேன், சில இடங்களில் பழையதைவிட முரட்டுத்தனமாக. மாதக் கட்டணம் கட்டியவர்கள் பார்த்தார்கள். இரண்டு தொடர்களோடு 2022இல் முடிந்தது.

நிறுத்தியதற்குப் பிறகு

'மேஷ் ரிப்போர்ட்' முழுவதுமாகச் சாகவில்லை. 2021 செப்டம்பரில் 'லேட் நைட் மேஷ்' என்ற பெயரில் டேவ் அலைவரிசைக்குப் போனது. டேவ், யூகேடிவி குழுமத்தைச் சேர்ந்தது. 2019இல் இருந்து யூகேடிவியின் முழு உரிமையாளர் பிபிசியின் வணிகப் பிரிவான பிபிசி ஸ்டுடியோஸ். அதாவது உரிமக் கட்டணத்தில் நடத்தச் சங்கடப்பட்ட நிகழ்ச்சி, விளம்பரப் பணத்தில் அதே குடும்பத்தின் இன்னொரு வீட்டில் குடியேறியது. கட்டணம் கட்டுகிறவரின் கோபம்தான் சிக்கல், உள்ளடக்கம் அவ்வளவு சிக்கல் இல்லை என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை. முதல் தொடருக்குப் பின் நிஷ் குமார் விலகினார். அடுத்ததை ரேச்சல் பாரிஸ் நடத்தினார், அதோடு முடிந்தது.

2022 ஆகஸ்டில் பதினேழு ஆண்டு ஓடிய 'மாக் தி வீக்' நிகழ்ச்சிக்கும் பிபிசி முற்றுப்புள்ளி வைத்தது. கடைசி வாரங்கள் ஒளிபரப்பானபோது நாட்டில் பிரதமர் லிஸ் டிரஸ் நாற்பத்தொன்பது நாள் ஆட்சி முடிந்து பதவி விலகிக்கொண்டிருந்தார். நாட்டில் செய்தி தீர்ந்துவிட்டது போலும் என்று தொகுப்பாளர் டாரா ஓ பிரீன் அறிவிப்பு வந்தபோது சொல்லியிருந்தார். புதிய கலைஞர்கள் தொலைக்காட்சிக்குள் நுழைய இருந்த முக்கியமான வாசல் அது. கன்சர்வேட்டிவ் பக்கமுள்ளவரோ யாரோ, எடின்பரோவில் நன்றாகச் செய்தால் அடுத்து அங்கே ஏழு நிமிடம் கிடைக்கும். அதுவும் மூடியது.

வலதுசாரி நகைச்சுவை எங்கே போனது? 2021 ஜூனில் தொடங்கிய ஜிபி நியூஸ் சேனலுக்கு. அதன் முதல் தலைவர் அதே ஆண்ட்ரூ நீல். அவர் சில மாதங்களிலேயே சண்டையோடு வெளியேறிவிட்டார். அங்கே நகைச்சுவைக் கலைஞர்கள் மறுநாள் நாளிதழ்களைப் புரட்டிக் கேலி செய்யும் 'ஹெட்லைனர்ஸ்' இரவுதோறும் வந்தது. அதைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே அந்தச் சேனலைப் பார்ப்பவர்கள். 'மேஷ் ரிப்போர்ட்' மீது வைத்த புகாரை அப்படியே கட்சி மாற்றி இங்கேயும் வைக்கலாம்.

2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி 411 இடங்கள் வென்றது, வாக்கு ஏறத்தாழ 34 சதவீதம். கியர் ஸ்டார்மர் பிரதமர். முதல் மாதத்திலேயே முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வெட்டினார்கள். செப்டம்பருக்குள், பிரதமரின் உடைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்சியின் பணக்காரப் பிரபு ஒருவர் பணம் கொடுத்தது வெளியானது. கிழவியின் கணப்பை அணைத்துவிட்டு அடுத்தவர் காசில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கறிஞர்! 1984இன் ரப்பர் பட்டறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பட்டறை மூடிக் கிடந்தது. 'ஹேவ் ஐ காட் நியூஸ்' வெள்ளிக்கிழமைகளில் தன் வேலையைச் செய்தது, சேனல் 4இல் 'தி லாஸ்ட் லெக்' செய்தது. 'மேஷ்' இல்லை, 'மாக் தி வீக்' இல்லை, பொம்மைகளுக்குத் தொலைக்காட்சியில் இடம் இல்லை. பிளேருக்கு யானுச்சி செய்ததை ஸ்டார்மருக்குச் செய்யும் தொடர் எதையும் பிபிசி கையில் வைத்திருக்கவில்லை. கன்சர்வேட்டிவ் ஆட்சிக் காலத்தில், கன்சர்வேட்டிவ்களின் மனத்தாங்கலைத் தணிக்கத் தொடங்கிய வேலை, தொழிற்கட்சிப் பிரதமர் ஒருவருக்கு இதமான முதல் ஆண்டை அமைத்துக் கொடுத்தது. புகார் கொடுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நிஷ் குமார் 2023இல் 'பாட் சேவ் தி யூகே' என்ற அரசியல் ஒலித்தொடரை கோகோ கானோடு தொடங்கினார். ஸ்டார்மரை இடதுபுறமிருந்து திட்டினார். ஜெஃப் நார்காட் தன் சொந்த ஒலித்தொடரில் வலதுபுறமிருந்து திட்டினார். ஒலித்தொடர்களுக்கு ஆஃப்காமின் நடுநிலை விதி கிடையாது, உரிமக் கட்டணமும் கிடையாது. ஒருவர் பேச்சை இன்னொருவர் ரசிகர்கள் கேட்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.